கிளெமென்டே 21 ஃபிளானல் ஜெர்சி: படங்களோடு ஒப்பிட உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. அமெரிக்க பேஸ்பால் அணியான பிட்ஸ்பர்க் பைரேட்ஸின் வீரர் ராபர்டோ கிளெமென்டே அணிந்தது என்று கையில்லாத வெள்ளை ஜெர்சி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 1970 செப்டம்பரில் போட்டதாம். அங்கேயே இடிக்கிறது. துணி கம்பளி ஃபிளானல். பைரேட்ஸோ அந்த ஜூலை நடுவில் த்ரீ ரிவர்ஸ் மைதானத்துக்குப் போனபோதே பாலியஸ்டர் பின்னலாடைக்கு மாறிவிட்டார்கள். அசல் என்றால் அதற்கு முந்தியதாகத்தான் இருக்க வேண்டும்.

வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் முதுகில் அவருடைய எண் 21-ஐச் சுற்றிப் பழைய ஊசித் துளைகள் தெரிகின்றன. இதை மட்டும் வைத்துப் போலி என்று ஒதுக்க முடியாது; பழைய ஜெர்சிகளைக் கீழ்மட்ட அணிகளுக்கு அனுப்பி, எண் மாற்றித் தைப்பது அன்றைய வழக்கம். ஆனால் 1-க்கு அடியில் அந்தத் துளைகள் ஒரு வளைவாக ஓடுகின்றன, அது 21-இல் சேராது. புற ஊதா விளக்கில் எண்ணின் நூல் மட்டும் நீலமாக ஒளிர்கிறது. சலவைத்தூளில் உள்ள ஒளிரும் பொருள்தான் காரணம் என்றால் சுற்றியுள்ள துணியும் ஒளிர வேண்டுமே. பின்னாளில் புது நூலில் தைத்தது என்றே சந்தேகம்.

1966 முதல் 1970 ஜூலை வரை உள்ளூர் ஆட்டங்களில் எடுத்த, நேர் முன்பக்கம் தெரியும் தெளிவான படங்கள் யாரிடமாவது இருக்கிறதா? பொத்தான் பட்டிக்கும் எழுத்துகளுக்கும் உள்ள இடைவெளியை ஒப்பிட வேண்டும். பத்திரிகைப் படங்கள் உதவாது, பெரிதாக்கினால் வெறும் புள்ளிதான். அதே காலத்துச் சக வீரர் ஜெர்சி வைத்திருப்பவர்கள், கழுத்துப் பட்டியையும் கீழ்விளிம்பையும் அளவுகோலோடு, ஃப்ளாஷ் இல்லாமல் எடுத்துப் போடுங்கள். முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை.