வைஃபைல எல்லாரும் ஒரே நேரத்துல அனுப்பினா டேட்டா கலந்துடாதா?

ஒரே ரவுட்டர்ல நாலு போன், ரெண்டு லேப்டாப் ஓடுது, எல்லாம் ஒரே சேனல் தானே, அப்புறம் எப்படி குழம்பாம போகுது? ரொம்ப நாள் டவுட்டு.

பதில் 1: ஒரே நேரத்துல அனுப்பாதுங்க, அதான் விஷயம். அனுப்புறதுக்கு முன்னாடி காத்துல வேற யாராவது பேசறாங்களான்னு கேக்கும், சத்தம் இருந்தா அது அடங்குற வரைக்கும் நிக்கும், அப்புறமும் உடனே பாயாம ரேண்டமா கொஞ்ச மைக்ரோசெகண்ட் காத்திருந்து தான் அனுப்பும். போய் சேந்துச்சுன்னா எதிர்ப்பக்கம் சின்னதா ஒரு 'வந்துடுச்சு' வரும், வரலைன்னா திரும்ப அனுப்பும். வைஃபை 6லயும் அதுக்கு அப்புறம் வந்ததுலயும் சேனலையே துண்டு போட்டு ஒரே நேரத்துல பல பேருக்கு பிரிச்சு குடுக்கலாம்.

பதில் 2: கூடவே ஒவ்வொரு ஃபிரேம்லயும் (அனுப்புற டேட்டா துண்டு) யாருக்குன்னு 48 பிட் மேக் அட்ரஸ் (கருவியோட அடையாள எண்) இருக்கும், தனக்கு இல்லாததை போன் தூக்கி போட்டுடும்.

கேட்டவர்: ஓ, அப்போ பக்கத்து வீட்டு ரவுட்டரும் அதே சேனல்னா நம்மளதும் காத்து கிடக்குமா?

பதில் 1: ஆமா பாஸ். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைன்னா சேனல் 1, 6, 11ல எது காலியோ அதுக்கு மாத்திப் பாருங்க.