சார்லஸ் டிக்கன்ஸின் கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ் நாவலைப் படித்து இங்கிலீஷ் வார்த்தை கற்றவர்களே, உங்களை இன்னும் விடாத இடம் எது?

மானாவாரி:

எனக்கு எட்டாவது அத்தியாயம். படித்தவர்களுக்கு இது போதும். நின்றுபோன கடிகாரங்கள், மஞ்சளேறிய கல்யாண உடுப்போடு உட்கார்ந்திருக்கும் பணக்காரி மிஸ் ஹவிஷாம். தான் வளர்க்கும் எஸ்டெல்லாவைக் கூப்பிட்டு, கொல்லன் வீட்டில் வளரும் பிப் என்ற பையனோடு சீட்டாடச் சொல்கிறாள். பிப் ராணிக்கு அடுத்த சீட்டை ‘ஜாக்’ என்று சொல்லிவிடுகிறான். முதல் ஆட்டம் முடியுமுன்பே எஸ்டெல்லா பிடித்துக்கொள்கிறாள்: நேவ் என்று சொல்ல வேண்டியதை ஜாக் என்கிறானே இந்தப் பையன்! கூடவே கை சொரசொரப்பு, பூட்ஸ் தடிமன் என்று வரிசையாக.

நான் தமிழ் மீடியம். காலேஜ் ஹாஸ்டலுக்கு வந்த புதிது. எங்கள் ஊரில் காருக்குப் பேர் பிளசர். தாத்தா அப்படித்தான் சொல்வார், ஊரே அப்படித்தான் சொல்லும். ‘வெளியே ஒரு பிளசர் நிற்கிறது’ என்று ரூமில் சொன்னேன். ஒருவன் சிரித்தான், அப்புறம் அதைப் பக்கத்து ரூமுக்குப் போய்ச் சொன்னான். அன்றைக்கு ராத்திரி எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை, தாத்தாமேல் வந்தது. யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வருடம் லைப்ரரியில் இந்தப் புத்தகத்தை எடுத்தேன். நேவ் எனக்கும் தெரியாது. லிப்கோ டிக்ஷனரியைப் பார்த்துத் தெரிந்துகொண்டு மேலே படித்தால், ஒன்பதாம் அத்தியாயத்தில் பிப் தன்னை வளர்க்கும் அக்கா புருஷன் ஜோவிடம் நேராகவே சொல்லிவிடுகிறான்: நீ எனக்கு ஜாக் என்று சொல்லித் தராமல் இருந்திருக்கலாம். புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். 1860-ல் இங்கிலாந்தில் ஒருவர் எழுதியதில் என் தாத்தா எப்படி வந்தார்?

இன்றைக்குச் சீட்டுக்கட்டில் இருப்பது ‘ஜே’ என்ற எழுத்து. மூலையில் எழுத்துப் போட ஆரம்பித்தபோது நேவுக்குப் போட்ட ‘கேஎன்’, ராஜாவின் ‘கே’யோடு குழம்பியது. அதனால் ஜாக் நிலைத்துவிட்டது. ஜோ சொல்லித் தந்த வார்த்தைதான் கடைசியில் ஜெயித்தது. எஸ்டெல்லாவுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும் என்று எனக்கு இன்னமும் ஆசை.

உங்களுடையதைச் சொல்லுங்கள்.

பட்டறை வீடு:

எனக்கு ‘ஃபைல்’.

ஒன்பதாம் வகுப்பில் சுருக்கின பதிப்பு நான்-டீடெயிலாக இருந்தது. முதல் பாடத்திலேயே கல்லறைத் தோட்டத்தில் ஒரு கைதி பிப்பின் மோவாயைப் பிடித்து, ஒரு ஃபைலும் சாப்பாடும் கொண்டுவா என்கிறான். வாத்தியார், கைதி தன் கேஸ் கட்டைக் கேட்கிறான், தான் நிரபராதி என்று நிரூபிக்க, என்று விளக்கினார். வகுப்பில் எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து, ‘சார், அது அரம் சார். கால் விலங்கை ராவுறதுக்கு’ என்றேன்.

எங்கள் அப்பா பட்டறை வைத்திருந்தார். ஃபைல் என்றால் எங்கள் வீட்டில் வேறு எதுவும் கிடையாது. ரஃப், ஸ்மூத், ஆஃப் ரவுண்டு, ராட் டெயில். எது எந்த ஆணியில் தொங்குகிறது என்று இருட்டில் எடுத்துக் கொடுப்பேன். அப்பா வைஸில் இரும்பைக் கடித்துப் பிடிக்கவைத்து ராவும்போது, அரப்பொடி அவர் முழங்கை மயிரில் ஒட்டிக்கொண்டு வெயிலில் மினுங்கும். வாத்தியார் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிப் வீட்டில் இருப்பதும் கொல்லன் பட்டறைதானே சார், அங்கே வேறு என்ன ஃபைல் கிடைக்கும் என்று கேட்டேன். உட்காரு என்றார். அவ்வளவுதான். யாரும் நோட்டில் அடித்து எழுதவில்லை.

முழுப் புத்தகத்தை வேலைக்குப் போன பிறகு படித்தேன். சுருக்கினதில் இல்லாத ஒரு காட்சி அதில் இருக்கிறது. ஊர்ச் சாராயக்கடையில் முன்பின் தெரியாத ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். ரம்மில் தண்ணீர் ஊற்றி, கலக்குவதற்குக் கரண்டி எடுக்காமல் சட்டைக்குள்ளிருந்து ஒரு அரத்தை எடுத்துக் கலக்குகிறான், பிப்புக்கு மட்டும் தெரிகிற மாதிரி. அது ஜோவின் அரம். துடைத்து உள்ளே வைத்துக்கொள்கிறான். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஃபைல் என்றால் கேஸ் கட்டு என்று எழுதிக்கொண்ட அந்த நாற்பது பேரில் யாராவது இந்தப் பக்கத்துக்கு வந்திருந்தால் என்ன நினைத்திருப்பார்கள் என்று இப்போதும் யோசிப்பேன். ஃபோர்ஜ், ஆன்வில், பெல்லோஸ் என்று அந்த நாவலில் வரும் பட்டறை வார்த்தைகளில் பாதி எனக்குக் கையால் தெரியும். உலை, பட்டடை, துருத்தி. அப்பா இங்கிலீஷ் படிக்காமலே பாதி டிக்கன்ஸ் எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார்.

மாலை டியூஷன்:

மானாவாரி தம்பி எழுதியது மனதைத் தொடுகிறது. ஆனால் இதைப் படித்துவிட்டு நாளைக்கே நாலு பிள்ளைகள் டிக்கன்ஸைக் கையில் எடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குக் கவலை. பல வருடமாக இங்கிலீஷ் டியூஷன் எடுக்கிறேன். என்னிடம் ஒரு பெண் படித்தாள், கெட்டிக்காரி. பழைய நாவல்களாகவே படிப்பாள். வங்கி வேலை இன்டர்வியூவில், முந்தின தடவை கிடைக்காதபோது எப்படி இருந்தது என்று கேட்டிருக்கிறார்கள். ‘மச் வெக்ஸ்டு’ என்று சொல்லியிருக்கிறாள், ரொம்ப மனக்கஷ்டம் என்பதற்குப் பழைய நாவல் வழக்கு. மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்களாம். வந்து என்னிடம், ‘சார், தப்பா சொன்னேனா?’ என்று கேட்டாள். தப்பே இல்லை. அதுதான் என் வேதனை. அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்வது?

அதனால் சில விஷயங்கள் சொல்கிறேன், கேட்காவிட்டாலும். நியூசிலாந்தின் மொழியியல் பேராசிரியர் பால் நேஷன் 2006-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார். யார் துணையும் இல்லாமல் ஒரு நாவல் புரிய வேண்டுமானால் அதிலுள்ள சொற்களில் 98 சதவீதம் முன்பே தெரிந்திருக்க வேண்டும், அதற்கு 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் சொற்களும் சேர்ந்து ஒரு குடும்பம்) கைவசம் வேண்டும் என்பது அவர் கணக்கு. பக்கத்துக்கு 300 சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 98 சதவீதம் தெரிந்தவனுக்குத் தெரியாத சொல் ஆறு. 95 சதவீதம் தெரிந்தவனுக்குப் பதினைந்து. பதினைந்து முறை டிக்ஷனரியைப் புரட்டுகிறவன் கதை படிக்கவில்லை, டிக்ஷனரி படிக்கிறான். ஆகவே முதலில் எளிமைப்படுத்தின பதிப்புகளில் தொடங்குங்கள், படிப்படியாக ஏறுங்கள். தெரியாத சொல் எல்லாவற்றையும் பார்க்காதீர்கள். அதே சொல் மறுபடி வந்தால் மட்டும் பாருங்கள். நோட்டில் தனிச்சொல்லாக எழுதாமல், வந்த வாக்கியத்தோடு எழுதுங்கள். அதன் பக்கத்தில் ‘இன்று வழக்கு’, ‘அன்று வழக்கு’ என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண்ணுக்கு நான் இதைச் சொல்லித் தந்திருந்தால் அந்த அறையில் யாருக்கும் சிரிக்க வழி இருந்திருக்காது.

இன்னொன்று. இந்த நாவல் முதலில் வந்தது தொடர்கதையாக. 1860 டிசம்பரிலிருந்து 1861 ஆகஸ்ட் வரை, டிக்கன்ஸே நடத்திய ஆல் தி இயர் ரவுண்ட் என்ற வாரப் பத்திரிகையில். அத்தியாயம் 59. அன்றைய வாசகன் வாரத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு அத்தியாயம்தான் படித்தான், அடுத்த இதழுக்குக் காத்திருந்தான். நீங்களும் அப்படியே படியுங்கள். நம் அம்மாக்கள் பத்திரிகைத் தொடர்கதை படித்த வேகம் போதும். ஒரே மூச்சில் முடிக்கிறேன் என்று இறங்குகிறவர்கள் நூறாம் பக்கத்தில் நின்றுவிடுகிறார்கள்.

டூட்டி நர்ஸ்:

சார், நீங்கள் சொல்லும் கணக்கு சரியாகவே இருக்கட்டும். எனக்கு 98 சதவீதம் தெரிந்த பிறகுதான் தொடவேண்டும் என்றால் நான் தொட்டே இருக்க மாட்டேன். வெளிநாட்டு வேலைக்கான பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த சமயம் இது என் கைக்கு வந்தது. பரீட்சைக்கு உதவியதா என்று கேட்டால், பெரிதாக இல்லை. ஆனால் ஒரு இடம்.

பிப்பின் அக்கா, இவனைத் தான் ‘பை ஹேண்ட்’ வளர்த்ததாக ஊரெல்லாம் பெருமையடிப்பாள். பிப் அதற்கு, அக்கா கை பலமான கை, என் மேலும் அவள் புருஷன் மேலும் அடிக்கடி விழும் கை, அதனால் எங்கள் இருவரையுமே கையால்தான் வளர்த்திருக்கிறாள் என்று அர்த்தம் எடுத்துக்கொள்கிறான். எல்லோரும் அங்கே சிரிப்பார்கள். நான் சிரிக்கவில்லை. ‘பை ஹேண்ட்’ என்றால் தாய்ப்பால் இல்லாமல் புட்டியிலோ கரண்டியிலோ ஊட்டி வளர்ப்பது. அன்றைக்கு எனக்குக் குறைமாதக் குழந்தைகள் வார்டில் நைட் டூட்டி. அம்மா இறந்துபோன ஒரு குழந்தைக்குப் பாலாடையில் பால் புகட்டிவிட்டு வந்து அந்தப் பக்கத்தைப் படித்தேன். பாலாடை மூக்கைக் கீழுதட்டில் வைத்து, சொட்டுச் சொட்டாக விட்டு, விழுங்கினதா என்று தொண்டையைப் பார்த்து, மறுபடி விட்டு. முப்பது மில்லி புகட்ட அரைமணி நேரம் ஆகும், அதில் பாதி கடைவாயில் வழிந்துவிடும். புட்டிப்பாலில் வளர்ந்த குழந்தைகள் அந்தக் காலத்தில் நிறைய இறந்துபோகும். அந்தப் பொல்லாத அக்கா அதைச் செய்திருக்கிறாள். அடிக்கிறவள்தான், மன்னிக்கச் சொல்லவில்லை. ஆனால் ராத்திரி எத்தனை தடவை எழுந்திருப்பாள்! பிப்புக்கு அது ஞாபகம் இருக்க வழியில்லை, கதை சொல்கிறவன் அவன் என்பதால் யாரும் அதை எழுதவும் இல்லை. அந்தப் பெண்ணுக்காக யாராவது பேசுவார்களா என்று கடைசிவரை பார்த்தேன்.

சார், உங்கள் மாணவியிடம் அவள் சொன்னது சரியான இங்கிலீஷ்தான் என்று இப்போதாவது சொல்லுங்கள். சிரித்தவர்களுக்குத்தான் தெரியவில்லை.

தாம்பரம் லோக்கல்:

நான் செல்போனில் இலவசப் பதிப்பு படிக்கிறவன், ரயிலில். கைதி கேட்கும் சாப்பாட்டுக்கு ‘விட்டில்ஸ்’ என்று டபிள்யூ போட்டு எழுதியிருக்கும். வார்த்தையை அமுக்கினால் அர்த்தம் வரவில்லை. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். அப்போதுதான், இது கைதியின் வாய்மொழி, ‘வி’ வரவேண்டிய இடத்தில் டபிள்யூ போடுகிற கீழ்த்தட்டுப் பேச்சு என்று பிடிபட்டது. டிக்ஷனரியில் விக்சுவல்ஸ் என்று படிக்கிற மாதிரி எழுதி விட்டில்ஸ் என்றே உச்சரிப்பார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அடுத்த காட்சி. சதுப்பு நிலத்தில் அவன் நாய் தின்கிற மாதிரி அள்ளித் தின்கிறான். பிப், நடுங்கிக்கொண்டே, ‘உங்களுக்குப் பிடித்திருக்கிறது, சந்தோஷம்’ என்கிறான். ஒரு கொலைகாரன் என்று நினைத்துப் பயப்படுகிற ஆளிடம் ஒரு குழந்தை பேசுகிற உபசாரம் அது. அதற்குச் சற்று முன்புதான் கைதியின் தொண்டைக்குள் ஏதோ க்ளிக் என்றிருந்தது. ஸ்டேஷன் தாண்டிப் போய்விட்டது, நான் இறங்கவில்லை.

மாலை டியூஷன் சார், பிப் சொன்ன அந்த வாக்கியத்தில் எனக்குத் தெரியாத வார்த்தை ஒன்றுகூட இல்லை. உங்கள் சதவீதத்தில் அது எங்கே வரும்?

குமாஸ்தா:

வக்கீல் ஆபீஸில் இருக்கிறேன். அசையும் சொத்து, அசையாச் சொத்து என்று தினம் டைப் அடிக்கிற கை. நாவலில் வரும் வக்கீல் குமாஸ்தா வெம்மிக் வாயில் ‘போர்ட்டபிள் பிராப்பர்ட்டி’, கையோடு எடுத்துப்போகிற சொத்து, வந்ததும் எனக்கு நம் ஆள் என்று தோன்றிவிட்டது. தூக்குக்குப் போகிற கட்சிக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போன மோதிரமும் ப்ரூச்சும் அவன் உடம்பில் இருக்கும். நியூகேட் சிறையில் திங்கட்கிழமை தூக்கு என்று உறுதியான ஒருவனிடம் கைகுலுக்கிவிட்டு, அவன் வளர்க்கும் புறாவில் ஒரு ஜோடி கிடைக்குமா என்று பேசிவைக்கிறான். வெளியே வந்து பிப்பிடம், ஒரு ஜோடி புறாவும் போர்ட்டபிள் பிராப்பர்ட்டிதான் என்கிறான்.

எனக்கு இதில் தீராதது: வெம்மிக் நல்லவன். வீட்டில் காது கேட்காத கிழட்டு அப்பாவை அவ்வளவு ஆசையாகப் பார்த்துக்கொள்கிறவன். எங்கள் ஆபீஸிலும் அப்படி ஒரு பெரியவர் இருந்தார். அவர் டிராயரில் என்னென்ன இருந்தது என்று இங்கே எழுத மாட்டேன்.

மாலை டியூஷன்:

தாம்பரம் தம்பி கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு எந்த ஆய்விலும் பதில் இல்லை. நாவலின் கடைசி வாக்கியமும் அப்படித்தான். எஸ்டெல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு பிப் வெளியே வருகிறான், இன்னொரு பிரிவின் நிழலை எங்கும் காணவில்லை என்கிறான். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த சொற்கள். சேர்ந்தார்களா, இல்லையா? சேர்ந்தார்கள் என்றுதான் நான் சொல்லித் தருகிறேன்.

டூட்டி நர்ஸ்:

சேரவில்லை சார். டிக்கன்ஸ் முதலில் எழுதின முடிவு வேறு. நண்பரும் நாவலாசிரியருமான புல்வர் லிட்டன் சொல்லித்தான் மாற்றினார். பழைய முடிவு டிக்கன்ஸ் இறந்த பிறகு, அவர் நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் எழுதிய டிக்கன்ஸ் வாழ்க்கை வரலாற்றில் வெளிவந்தது. அதில் எஸ்டெல்லா ஒரு டாக்டரை மறுமணம் செய்துகொண்டிருக்கிறாள். பிக்காடில்லியில் வண்டியில் உட்கார்ந்தபடி பிப்பைக் கூப்பிடுகிறாள். கூட இருப்பது ஜோவின் பையன். அவள் அதை பிப்பின் குழந்தை என்று நினைத்துத் தூக்கிக் கொடுக்கச் சொல்லி முத்தமிடுகிறாள். பிப் திருத்தவில்லை. நிறையப் பதிப்புகளில் கடைசியில் பின்னிணைப்பாகப் போட்டிருக்கிறார்கள், ஒரு பக்கம்கூட வராது. வாசித்துவிட்டு வாருங்கள், அப்புறம் சண்டை போடலாம்.