அவசரம்: பேட்டன்ட் பேப்பர்ல மார்ஜின் பிரச்னை, யாராவது சொல்லுங்க

மிளகுக்கொடி, இரவு 9:12
பேட்டன்ட் பேப்பர் ரெடி பண்ணி, தெரிஞ்ச காலேஜ் சார் ஒருத்தர்கிட்ட காட்டினேன். ஸ்கேலை வச்சுப் பார்த்துட்டு "இது ஆகாதுங்க"ன்னு சொல்லிட்டு வண்டி எடுத்துட்டுப் போயிட்டார். கம்ப்யூட்டர்ல பார்த்தா சரியாத்தான் இருக்கு. இங்க மேல கரண்ட் வேற வந்து வந்து போகுது. சீக்கிரம் சொல்லுங்க.

ஓமலூரான், 9:20
மேலன்னா ஏற்காடுங்களா? எதுக்கு பேட்டன்ட்? மார்ஜின் எத்தனை வச்சீங்க, அவர் அளந்தப்ப எத்தனை வந்துச்சு? ப்ரொவிஷனலா (முதல்ல போடற தற்காலிக விண்ணப்பம்), கம்ப்ளீட்டா (முழு விவரத்தோட போடறது)? ஒண்ணுமே சொல்லாம சீக்கிரம் சொல்லுன்னா எப்படிங்க?

அம்மாபேட்டை டிடிபி, 9:26
பார்க்காமலே சொல்றேன், ஃபான்ட் பிரச்னை. பி.டி.எஃப். ஆக்கும்போது ஃபான்டையும் சேர்த்துப் போடலைன்னா வரியெல்லாம் நகரும். என் கடைக்கு வர்ற பத்துல எட்டு ஃபைல் இப்படித்தான்.

விதி ஒன்பது, 9:31
2003ஆம் வருஷ பேட்டன்ட் விதிகளைத் திறந்து 9ஆம் விதியை ஒருதரம் படிச்சிருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது. ஏ4 தாள். மேலேயும் இடப்பக்கமும் 4 செ.மீ., கீழேயும் வலப்பக்கமும் 3 செ.மீ. குறையக் கூடாது. ஒன்றரை அல்லது இரட்டை இடைவெளி. பக்க எண் கீழே நடுவுல. ஒவ்வொரு அஞ்சாவது வரிக்கும் இடது மார்ஜின்ல எண். எழுத்தோட உயரம் 0.28 செ.மீ.க்குக் குறையக் கூடாது. நான் இதை இங்க எழுதறது எத்தனையாவது தடவைன்னு எனக்கே ஞாபகம் இல்லை.

மிளகுக்கொடி, 9:48
கரண்ட் போயிடுச்சு, மன்னிக்கணும். 4, 3 தான் வச்சிருக்கேன் அண்ணா. ஆனா பிரிண்ட்ல இடப்பக்கம் 3.9, வலப்பக்கம் 2.9. மிளகு பறிக்கற ஏணிக்குத்தான் போடறேன், கொடி ஏறியிருக்கற சில்வர் ஓக் மரத்துல கவ்விப் பிடிக்கற மாதிரி. கம்ப்ளீட். எழுத்து டைம்ஸ் ஃபான்ட், 11 சைஸ், எல்லாம் 30 பக்கத்துக்குள்ள அடக்கிட்டேன்.

வரைபட அக்கா, 9:55
3.9, 2.9ன்னா ரெண்டு பக்கமும் ஒரே விகிதத்துல சுருங்கியிருக்கு. வேர்டுல பேப்பர் சைஸ் என்னன்னு பாருங்க தம்பி. லெட்டர்னு இருக்கும். லெட்டர் அகலம் 21.59 செ.மீ., ஏ4 21. கடைக்காரர் தாளுக்குள்ள அடங்கற மாதிரி ஃபிட் வச்சு அடிச்சா 97 சதவீதமா ஆயிடும். 4 செ.மீ. 3.89 ஆகும். உங்க ஸ்கேல் பொய் சொல்லலை.

அம்மாபேட்டை டிடிபி, 9:58
நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஓமலூரான், 10:01
நீங்க ஃபான்டுன்னுதான் சொன்னீங்க.

வரைபட அக்கா, 10:04
11ஐயும் மாத்துங்க. டைம்ஸ் 12ல கேப்பிடல் எழுத்து ஏறக்குறைய 2.8 மி.மீ., மயிரிழையில தப்பிக்கும். 11ல 2.57தான், சுருங்கினா இன்னும் மோசம். ஏரியல் 12 போட்டா 3 மி.மீ. வந்துடும், கவலையில்லை.

மிளகுக்கொடி, 10:07
12 போட்டா 34 பக்கம் வருது அக்கா. 30க்கு மேல ஒவ்வொரு பக்கத்துக்கும் 160 ரூபாயாமே?

ஓமலூரான், 10:09
640 ரூபாய்க்கா எழுத்தைச் சுருக்கினீங்க! இருபது கொண்டை ஊசி இறங்கி ஏறுற பெட்ரோல் காசுங்க அது.

சேர்வராயன் பேரன், 10:15
அது கிடக்கட்டும். ஒத்தை மூங்கில் ஏணியை மரத்துல சாத்திக் கட்டி எங்க தாத்தா காலத்துல இருந்தே பறிக்கறோம். இதுல என்ன புதுசு? நாளைக்கு எங்க ஏணிக்கே காசு கேப்பீங்களா?

மிளகுக்கொடி, 10:18
கவ்வி மட்டும்தான் கேக்கறேன் அண்ணா, ஏணி இல்லை. சறுக்காம இருக்க ரெண்டு பல்லு.

சேர்வராயன் பேரன், 10:22
சில்வர் ஓக் பட்டையில பல்லு பதிஞ்சா மரம் என்ன ஆகும்? கொடியும் சேர்ந்து கிழியும். மலையிலேயே இருக்கறீங்க, தெரியாதா?

ஓமலூரான், 10:24
ஏணியை விடுங்க. இதையெல்லாம் ஏன் தமிழ்ல போட முடியாது? தோட்டத்துக்காரர் தமிழ்ல எழுதினா ஆகாதா?

விதி ஒன்பது, 10:27
இந்தி அல்லது ஆங்கிலம். விதி அப்படி.

ஓமலூரான், 10:28
விதி அப்படின்னா சரின்னு ஆயிடுமா?

விதி ஒன்பது, 10:30
நான் எழுதின விதி இல்லை, தம்பி. கோபத்தை என்மேல காட்டாதீங்க.

(இந்தச் சண்டை இன்னும் பதினோரு பதிவு ஓடியது. மட்டுறுத்துநர் வெட்டித் தனி இழையாக மாற்றியிருக்கிறார்.)

வெள்ளிக்கொலுசு, 11:06
யாரும் கேக்கலையேன்னு கேக்கறேன். கம்ப்ளீட்டுன்னா, இதுக்கு முன்னாடி ப்ரொவிஷனல் போட்டீங்களா? எந்தத் தேதி?

மிளகுக்கொடி, 11:11
போட்டேனே. போன வருஷம். நாளன்னிக்கோட 12 மாசம் ஆகுது. அதானே அவசரம்னேன்.

வெள்ளிக்கொலுசு, 11:14
அடப்பாவி, இதை முதல் வரியில போட வேண்டாமா! 12 மாசத்துக்குள்ள கம்ப்ளீட் போகலைன்னா விண்ணப்பத்தைக் கைவிட்டதாவே கணக்கு. மார்ஜின் தப்புன்னா ஆட்சேபனை வரும், அப்புறம் திருத்திக் கொடுக்கலாம். தேதி போனா திருத்த ஒண்ணும் இருக்காது. நாளைக்கே ஆன்லைன்ல ஏத்துங்க. டிஜிட்டல் கையெழுத்து காலாவதி ஆகலையேன்னு இப்பவே பாருங்க. படிவம் 2ல முதல் பக்க வாசகம் ப்ரொவிஷனலுக்கு வேற, கம்ப்ளீட்டுக்கு வேற, பழசைக் காப்பி அடிக்காதீங்க. கோரிக்கைகள், அதாவது எதுக்கு உரிமை கேக்கறீங்கன்னு எழுதற பகுதி, புதுப் பக்கத்துல தொடங்கணும். சுருக்கம் 150 வார்த்தைக்கு மேல போகக் கூடாது.

வரைபட அக்கா, 11:19
விண்ணப்பத்தோட வைக்கற வரைபடத்தையும் ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க.

மிளகுக்கொடி, 11:25
(படம் இணைப்பு)

வரைபட அக்கா, 11:31
"18 அடி"ன்னு அம்புக்குறி போட்டிருக்கீங்க, எடுத்துடுங்க, படத்துல அளவு குறிக்கக் கூடாது. "கவ்வி", "பல்லு"ன்னு எழுதினதும் வேண்டாம். 1, 2ன்னு எண் மட்டும் போட்டு, எது எதுன்னு விவரணையில எழுதுங்க. மேல இடது மூலையில உங்க பேரு, வலது மூலையில மொத்தம் எத்தனை தாள், இது எத்தனையாவது தாள். கீழே வலது மூலையில கையெழுத்து. 4, 3 மார்ஜின் படத்துக்கும் உண்டு.

விதி ஒன்பது, 11:34
15ஆம் விதி. அதையும் படிக்கலாம்.

மிளகுக்கொடி, மறுநாள் மாலை 4:52
லெட்டர்தான் இருந்துச்சு. ஏ4 ஆக்கினதும் ஸ்கேல்ல 4.0 வந்துடுச்சு. 34 பக்கம், 640 கட்டிட்டேன். ஏத்தியாச்சு. நன்றி அக்கா, நன்றி கொலுசு அண்ணா.

வரைபட அக்கா, 5:10
நல்லது. படத்துல அந்த 18 அடியை எடுத்தீங்களா?

வரைபட அக்கா, மறுநாள் காலை 9:03
தம்பி?