தந்தை பெயரில் வீடு, விற்பவர் மூத்த மகன்: யார் யார் கையெழுத்து வேண்டும்?

தாழ்வாரம்:
தமிழ்நாட்டில் ஒரு தனி வீடு வாங்கப் போகிறேன், 62 லட்சத்துக்குப் பேசி முடிந்திருக்கிறது. 1991இல் தந்தை சுயமாகச் சம்பாதித்து வாங்கியது, இந்துக் குடும்பம். 2009இல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். மனைவி இருக்கிறார், இரண்டு மகன்கள், ஒரு மகள். இளைய மகனும் 2021இல் காலமானார், அவருக்கு மனைவியும் 11 வயது மகளும். பட்டா மூத்தவர் பெயரில், 30 வருட வில்லங்கச் சான்றும் (சொத்தின் மீது பதிவான பத்திரங்களின் பட்டியல்) சுத்தம். "தங்கச்சிக்குக் கல்யாணத்திலேயே எல்லாம் செஞ்சாச்சு, நான் கையெழுத்துப் போட்டாப் போதும்" என்கிறார் மூத்தவர். முன்பணமாக 5 லட்சம் ரொக்கம் கேட்கிறார். கொடுக்கலாமா?

படிக்கல்:
இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். பட்டா வருவாய்த் துறைப் பதிவுதான், கிரய உரிமையை அது தராது. வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள் மட்டுமே வரும். ஒருவர் இறந்து வாரிசுகளுக்குச் சொத்து இறங்குவதற்குப் பத்திரமே கிடையாது. அதனால்தான் வில்லங்கம் சுத்தமாகத் தெரிகிறது.

பங்கைக் கணக்குப் போடுங்கள். தந்தை இறந்ததும் மனைவி, இரண்டு மகன்கள், மகள் என நால்வருக்கும் தலா கால் பங்கு. இளையவர் இறந்தபோது அவருடைய கால் பங்கு, மனைவி, மகள், தாய் மூவருக்கும் சமமாகப் பிரிந்துவிட்டது. (இறந்த மகனுக்குத் தாயும் முதல் வகுப்பு வாரிசு, அதாவது மனைவி, பிள்ளைகளோடு சேர்ந்து பங்கு பெறுபவர். பலர் தவறவிடும் இடம் இது.) ஆக இன்று தாய்க்கு 4/12, மூத்தவருக்கு 3/12, தங்கைக்கு 3/12, மருமகளுக்கு 1/12, பேத்திக்கு 1/12. மூத்தவர் மட்டும் எழுதிக்கொடுத்தால் உங்களுக்கு வருவது அவருடைய கால் பங்குதான்.

கல்யாணத்தில் நகை போட்டதால் தங்கையின் பங்கு போய்விடாது. வாய்மொழியாக விட்டுக்கொடுத்தேன் என்பதும் செல்லாது.

கரிசல்:
இதில் பெரிய சிக்கல் பேத்தியின் பங்கு. அவளுடைய தாய் இயற்கைக் காப்பாளர்தான். ஆனாலும் 1956ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 8ஆம் பிரிவுப்படி, மைனர் சொத்தை விற்க முன்கூட்டியே நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் வாங்கினால், அந்தப் பெண் 18 வயதான பிறகு மூன்று ஆண்டுகளுக்குள், அதாவது 21 வரை, தன் பங்கு அளவில் கிரயத்தை ரத்து செய்யக் கேட்கலாம். உங்களுக்குப் பத்து வருடத் தலைவலி. மனுவை விற்பவர் தரப்புதான் போட வேண்டும். மைனர் பங்குத் தொகையை வங்கியில் வைப்பு போடும்படி உத்தரவு வருவது வழக்கம். கிரயத் தொகையைப் பிரிக்கும்போதே அதை மனதில் வையுங்கள். "பிறகு வாங்கிக்கலாம்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

தாழ்வாரம்:
தங்கை கையெழுத்துப் போடச் சம்மதிக்கிறார். அவரிடம் முதலில் விடுதலைப் பத்திரம் (தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) வாங்கச் சொல்லவா? அசல் மூலப் பத்திரம் "வீட்டில் எங்கோ இருக்கு" என்கிறார்கள், நகல்தான் காட்டினார்கள்.

படிக்கல்:
விடுதலைப் பத்திரம் தேவையில்லாச் செலவு. கிரயப் பத்திரத்திலேயே எல்லாரும் எழுதிக்கொடுப்பவராகச் சேரட்டும், பேத்திக்காக அவள் தாய் நீதிமன்ற உத்தரவைக் குறிப்பிட்டுக் கையெழுத்திடட்டும். தாசில்தார் தரும் வாரிசுச் சான்று இரண்டு வேண்டும்: தந்தைக்கு ஒன்று, இளைய மகனுக்கு ஒன்று.

எல்லைக்கல்:
அசல் கண்ணில் படாமல் ஒரு ரூபாயும் நகரக் கூடாது. அசலைத் தனியாரிடம் அடமானமாக வைத்துக் கடன் வாங்கியிருந்து, அது பதிவாகாமல் இருந்தால் வில்லங்கத்தில் தெரியாது. உண்மையிலேயே தொலைந்திருந்தால் காவல் துறையில் புகார், தேடியும் கிடைக்கவில்லை என்று அவர்கள் தரும் கண்டறிய இயலாச் சான்று, நாளிதழ் அறிவிப்பு, சார்பதிவாளர் அலுவலகச் சான்றிட்ட நகல், எல்லாம் விற்பவர்கள் செலவில். சர்வே எண் உட்பிரிவு ஆகியிருந்தால் பழைய எண், புதிய எண் இரண்டுக்கும் வில்லங்கம் போடுங்கள். புது எண்ணுக்கு மட்டும் போட்டால் பழைய பதிவுகள் விடுபடும்.

ரொக்கம் வேண்டாம். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்க முன்பணம் வாங்கினால் வாங்கியவருக்கே அதே அளவு அபராதம் வரலாம். இதைச் சொன்னாலே பெரும்பாலும் காசோலைக்கு இறங்கிவிடுவார்கள்.

கிரய ஒப்பந்தத்தை அனைவரும் கையெழுத்திட்டுப் பதிவு செய்யுங்கள். நீதிமன்ற அனுமதியும் அசலும் வந்த பிறகே கெடு ஓடத் தொடங்கும், அனுமதி கிடைக்காவிட்டால் முன்பணம் இத்தனை நாளுக்குள் திரும்ப வேண்டும் என்று எழுதுங்கள். வெறுமனே "மூன்று மாதம்" என்று போட்டால், அனுமதி தாமதமாகும்போது தவறியது நீங்கள்தான் என்பார்கள்.

செலவு: முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. விலை, வழிகாட்டி மதிப்பு (அரசு நிர்ணயித்த மதிப்பு) இரண்டில் எது அதிகமோ அதன் மீது. விலை 50 லட்சத்தைத் தாண்டுவதால் 1% டிடிஎஸ்ஸும் (விற்பவருக்குத் தரும் தொகையில் பிடிக்கும் வருமான வரி) நீங்கள் பிடித்துக் கட்ட வேண்டும். மொத்தம் 62,000, அவரவர் பங்குப்படி ஒவ்வொரு பான் எண்ணுக்கும் தனித்தனியாக. யாராவது வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் அவருக்கு இந்த 1% பொருந்தாது, விகிதம் அதிகம். கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.