எந்தச் சைக்கிளில் மோட்டார் மாட்டலாம்? கையில் மூன்று வண்டி, தலையில் குழப்பம்

மிதிகட்டை:
வணக்கம். அலுவலகம் 14 கிலோமீட்டர். நடுவில் ஒரு மேம்பாலம் இருக்கிறது, அதில் ஏறும்போதுதான் முழங்கால் என் வயதைச் சொல்லிக் காட்டுகிறது. எடை 82 கிலோ. புது மின்சார சைக்கிள் வாங்காமல், இருப்பதில் ஒன்றுக்கு மோட்டார் கிட் மாட்டலாம் என்று நினைக்கிறேன்.

இருப்பவை: அப்பா ஓட்டிய பழைய இரும்பு வண்டி, கம்பி பிரேக். அப்புறம் முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் வைத்த மலை சைக்கிள், டிஸ்க் பிரேக். மூன்றாவது, பழையதாக வாங்கிய ஹைப்ரிட்: அலுமினிய ஃப்ரேம், இரும்பு முன் ஃபோர்க், வி-பிரேக், 7 கியர். பெயின்ட் உரிந்து பார்க்கவே பாவமாக இருக்கும். மனசு மலை சைக்கிள் பக்கம்தான் போகிறது, ஆள் வாட்டசாட்டமாக இருக்கிறானே! முன் சக்கரத்தின் நடுவிலேயே உட்காருகிற மோட்டார்தான் மாட்டச் சுலபம் என்கிறார்கள். சரிதானா?

ரெண்டாம்கியர்:
மூன்றில் எது எடை குறைவோ அதை எடுங்கள். லேசான வண்டிக்குப் பேட்டரி அதிக நேரம் வரும்.

பழைய ஸ்பேனர்:
ரெண்டாம்கியர் தம்பி, ஆள் 82 கிலோ, மோட்டாரும் பேட்டரியும் 6 கிலோ. இதில் சைக்கிள் 2 கிலோ குறைந்தால் என்ன தெரியப்போகிறது? எடையை விடுங்கள். முதலில் குனிந்து டிராப்அவுட்டைப் பாருங்கள், அதாவது சக்கரத்தின் அச்சு உட்காருகிற அந்தப் பிளவை.

மிதிகட்டை சார், உங்களைப் போலத்தான் நானும் ஆரம்பித்தேன். சஸ்பென்ஷன் ஃபோர்க் வைத்த வண்டி, முன் சக்கர மோட்டார். சாதாரண முன் அச்சு 9 மி.மீ. மோட்டார் அச்சு 12 மி.மீ., அதில் இரண்டு பக்கமும் சீவி 10 ஆக்கியிருப்பார்கள். பிளவுக்குள் போகவில்லை என்று அரம் போட்டு ராவினேன். டார்க் ஆர்ம் என்று ஒரு சின்ன இரும்புப் பட்டை கூட வந்திருந்தது. ஏதோ உபரி என்று டப்பாவிலேயே விட்டுவிட்டேன். மூன்றாவது வாரம், நின்ற இடத்திலிருந்து கிளம்ப த்ராட்டிலைத் திருகினேன். 'டக்' என்று ஒரு சத்தம். சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அச்சு உள்ளேயே சுழன்று பிளவின் உதட்டைப் பிளந்திருந்தது. மோட்டார் வயர், ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி அச்சைச் சுற்றி முறுக்கிக்கொண்டிருந்தது. நடக்கிற வேகம்தான் என்பதால் பல் தப்பியது.

விஷயம் இதுதான். மோட்டார் சக்கரத்தை எவ்வளவு விசையோடு முன்னால் தள்ளுகிறதோ, அவ்வளவு விசையோடு அச்சைப் பின்னால் திருப்பப் பார்க்கும். அச்சைப் பிடித்து ஃப்ரேமோடு கட்டுகிற டார்க் ஆர்ம் இல்லாவிட்டால், தடுத்து நிறுத்துவது சீவிய அந்த இரண்டு பக்கங்கள் மட்டும்தான். இரும்பு என்றால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், நமக்கும் தெரியும். சஸ்பென்ஷன் ஃபோர்க்கின் அடி வார்ப்பு உலோகம், சொல்லாமல் கொள்ளாமல் விரிசல் விடும். கார்பன் ஃபோர்க் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

உங்கள் மலை சைக்கிளில் இன்னொரு தொல்லை. ஃப்ரேமின் முக்கோணத்தில் பாதியைப் பின் ஷாக் அடைத்துக்கொள்ளும், பேட்டரிக்கு இடம் ஏது?

அப்பா வண்டி மேல் எனக்கும் ஆசைதான். ஆனால் மோட்டார் மாட்டினால் எப்போதும் 20, 25 வேகத்தில்தான் போவீர்கள். கம்பி பிரேக்கும் குரோம் ரிம்மும் மழையில் நனைந்தால் நிற்க மனசே வராது. பின் ஃபோர்க்கின் இடைவெளியும் குறுகல். அதை எண்ணெய் போட்டு அப்படியே வைத்திருங்கள்.

பாவமாக இருக்கிறது என்றீர்களே, அந்த ஹைப்ரிட்தான் மாப்பிள்ளை. பின் சக்கர கியர் மோட்டார் (உள்ளேயே பல்சக்கரம் வைத்த வகை) போடுங்கள், டார்க் ஆர்மோடு. முதலில் பின் சக்கரத்தைக் கழற்றி, டிராப்அவுட்டின் உள்பக்கத்திலிருந்து உள்பக்கம் வரை அளந்து சொல்லுங்கள். 135 மி.மீ. வரவேண்டும்.

செயின்கவர்:
மேம்பாலம் இருக்கிறது, முழங்கால் வலி இருக்கிறது என்றால் பெடல் அச்சில் மாட்டுகிற மிட் டிரைவ்தான் நல்லது. கியரைக் குறைத்தால் மோட்டாருக்கும் ஏற்றம் சுலபம். பாட்டம் பிராக்கெட், அதாவது பெடல் அச்சு உட்காருகிற குழாய், மரை போட்டதாகவும் 68 அல்லது 73 மி.மீ. அகலமாகவும் இருந்தால் பெரும்பாலான கிட் பொருந்தும். அழுத்திச் செருகுகிற வகை என்றால் தலைவலி.

பழைய ஸ்பேனர்:
செயின்கவர் சொல்வது சரி, ஏற்றத்துக்கு அதுதான் ராஜா. ஆனால் மோட்டார் இழுக்கிற இழுப்பெல்லாம் செயின் வழியாகத்தான் போகும். செயினும் பல்சக்கரமும் சீக்கிரம் தேயும். ஒரே ஒரு மேம்பாலத்துக்காக அது வேண்டுமா என்பது என் சந்தேகம்.

மிதிகட்டை:
அளந்துவிட்டேன். 135, ஒரு மயிரிழை கூட. பேட்டரி எவ்வளவு வாங்கலாம்? பின் பல்சக்கரம் கேசட்டா ஃப்ரீவீலா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பழைய ஸ்பேனர்:
பல்சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். நடுவில் கருவி மாட்டுகிற பள்ளம் சேர்ந்து சுற்றினால் கேசட் (சக்கரத்தில் செருகுகிற வகை), அசையாமல் நின்றால் ஃப்ரீவீல் (மரையில் திருகுகிற வகை). மோட்டார் வாங்கும்போது அதே வகையாகக் கேளுங்கள், மாற்றி வாங்கினால் உங்கள் பல்சக்கரம் அதில் ஏறாது.

பேட்டரிக்கு என் கணக்கு: மிதித்துக்கொண்டே போனால் கிலோமீட்டருக்கு 12 வாட்-மணி. போக வர 28 கிலோமீட்டருக்கு 336. 36 வோல்ட் 10 ஆம்பியர்-மணி என்றால் 360. எதிர்க்காற்று அடித்தால் வீட்டுக்குக் கடைசி ஒரு கிலோமீட்டர் நீங்கள்தான் இன்ஜின். 13 அல்லது 14 ஆம்பியர்-மணியாகப் பாருங்கள். பணம் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். விற்பவரிடம் பெட்டியின் அளவு கேட்டு, அதே அளவுக்கு அட்டை வெட்டி முக்கோணத்தில் வைத்துப் பாருங்கள். ஃப்ரேமுக்குள் போவது மட்டும் போதாது, சாவி போட்டுக் கழற்ற மேலேயும் இடம் வேண்டும்.

மிதிகட்டை:
பள்ளம் அசையவில்லை, அப்படியென்றால் ஃப்ரீவீல். செருப்பு டப்பாவை வெட்டி 37 செ.மீ. நீளத்துக்கு அட்டைப் பேட்டரி செய்தேன். என் பையன் அதில் மின்னல் படம் வரைந்துவிட்டான். தண்ணீர் பாட்டில் தாங்கியைக் கழற்றினால் உள்ளே போகிறது, மேலே இரண்டு விரல் இடைவெளி. ஒரு சிக்கல்: கியர் மாற்றியும் பிரேக் பிடியும் ஒரே துண்டாக இருக்கிறது. கிட்டோடு வரும் பிரேக் பிடியை மாட்டினால் கியர் போய்விடும்.

பழைய ஸ்பேனர்:
இரண்டு விரல் தாராளம். பழைய பிடியே இருக்கட்டும். பிரேக் பிடித்ததும் மோட்டாரை நிறுத்த, காந்தம் வைத்த சின்ன சென்சார் தனியாகக் கிடைக்கும், அதைப் பிடியில் ஒட்டிவிடுங்கள். பாட்டில் தாங்கியின் இரண்டு திருகை மட்டும் நம்பி 3 கிலோவைத் தொங்கவிடாதீர்கள், ஒரு பட்டையும் சுற்றிக் கட்டுங்கள். சக்கரம் வந்ததும் 100 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஸ்போக்கை ஒருமுறை இறுக்கிக் கோட்டம் எடுங்கள். டார்க் ஆர்மை டப்பாவிலேயே விட்டுவிடாதீர்கள். மாட்டியதும் அந்த இடத்தைப் படம் பிடித்து இங்கே போடுங்கள், நான் பார்க்க வேண்டும்.