கடிகாரம் ஓடும் விளையாட்டு ஓய்வு தருமா?

கயல்:

பணிச்சுமையால் களைத்துப்போயிருக்கும் தன் தங்கைக்கு, அழுத்தமில்லாமல் விளையாடக்கூடிய ஒரு வீடியோ கேமைச் சொல்லுங்கள் என்று நேற்று இங்கே ஓர் உறுப்பினர் கேட்டிருந்தார். பதில் சொன்னவர்களில் பெரும்பாலோர் ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணை விளையாட்டைப் பரிந்துரைத்தார்கள். அந்தப் பரிந்துரையை நான் மறுக்கிறேன். எரிக் பரோன் என்பவர் நிரல், ஓவியம், இசை என அனைத்தையும் ஒற்றை ஆளாக நான்கு ஆண்டுகளுக்கு மேல் உழைத்துச் செய்து 2016 பிப்ரவரியில் வெளியிட்ட விளையாட்டு அது; அதன் மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. ஆனால் நல்ல விளையாட்டு என்பதாலேயே அது ஓய்வு தரும் விளையாட்டாகிவிடாது.

அதில் ஒரு நாள் காலை 6 மணிக்குத் தொடங்கி, நள்ளிரவு தாண்டி 2 மணிக்கு முடிகிறது. நம் கடிகாரப்படி அது ஏறத்தாழ 14 நிமிடம்தான். அதற்குள் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி, கோழிகளைக் கவனித்து, பியேர் தன் கடையை மாலை 5 மணிக்குச் சாத்துவதற்குள் ஓடிப்போய் விதை வாங்கி (தொடக்கத்தில் புதன்கிழமைகளில் கடையே திறக்காது), சுரங்கத்துக்கும் போய்வந்து, 2 மணிக்குள் கட்டிலில் படுத்துவிட வேண்டும். ஒரு பருவத்துக்கு 28 நாள். பருவம் மாறும் காலையில், அறுவடைக்கு ஒரே ஒரு நாள் மிச்சமிருந்த பயிரும் காய்ந்து கிடக்கும். பகல் முழுவதும் கெடுவுக்குள் வேலையை முடிக்கப் போராடிவிட்டு வருகிறவருக்கு இன்னொரு கெடுவைக் கொடுப்பது எப்படி இளைப்பாறுதல் ஆகும்?

மருதன்:

கயல் அவர்கள் தந்த தகவல்கள் அனைத்தும் சரி. முடிவைத்தான் ஏற்க இயலவில்லை. கெடு என்றால், அதைத் தவறவிட்டவருக்கு ஏதேனும் பெரிய இழப்பு நேர வேண்டும். இங்கே அப்படி என்ன நேர்கிறது? வீட்டுக்கு வெளியே மயங்கி விழுந்தால் கையிருப்பில் பத்தில் ஒரு பங்கு போகும், அதுவும் 1000 காசுக்கு மேல் போகாது. விளையாட்டில் வரும் ஊரின் சமூகக் கூடத்தைச் சீரமைக்கக் காலவரையறை எதுவும் இல்லை. மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில் பண்ணையை நமக்கு விட்டுச்சென்ற தாத்தாவின் ஆவி வந்து பண்ணையை மதிப்பிடுகிறதே, அதில் நமக்குக் குறைந்த மதிப்பீடு கிடைத்தாலும், பிறகு அவருடைய நினைவிடத்தில் ஒரு வைரத்தை வைத்தால் மறுபடியும் வந்து மதிப்பிடுவார். தனியாக விளையாடும்போது மெனுவைத் திறந்தால் நேரம் அப்படியே நின்றுவிடுகிறது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. இன்றைய அலுவலக வேலை நம்மைச் சோர்வடையச் செய்வதற்குக் கெடு மட்டும் காரணம் அன்று. அந்த வேலை முடிவதே இல்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்த பிறகும் வாட்ஸ்அப் குழுவில் அது தொடர்கிறது. ஸ்டார்டியூ வேலியிலோ 14 நிமிடத்துக்கு ஒரு முறை நாள் உண்மையாகவே முடிகிறது. படுத்தவுடன் அன்றைய கணக்கு திரையில் வரிசையாக வருகிறது: பயிரில் இவ்வளவு, மீனில் இவ்வளவு, சுரங்கத்தில் இவ்வளவு, மொத்தம் இவ்வளவு. 20 காசுக்கு வாங்கிய பார்ஸ்னிப் (கேரட் போன்ற ஒரு கிழங்கு) விதை நான்கு நாளில் விளைந்து 35 காசுக்கு விலைபோயிருக்கும். பாடுபட்டதற்கு என்ன கிடைத்தது என்பதை இவ்வளவு நேராகக் காட்டும் இடம் நம் பணி வாழ்க்கையில் எங்கே இருக்கிறது? கடிகாரத்தைப் பிடுங்கிவிட்டால், நாள் முடிந்தது என்ற அந்த நிம்மதியும் கூடவே போய்விடும்.

தேன்மொழி:

நான் மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் செவிலியர். எல்லாக் கடிகாரங்களையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். ஸ்டார்டியூ வேலியின் கடிகாரம் நாம் விளையாட்டை மூடியதும் நின்று, நமக்காகக் காத்திருக்கும். நிண்டெண்டோ 2020 மார்ச்சில் வெளியிட்ட, ஒரு தீவில் குடியேறி வாழும் அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ் விளையாட்டின் கடிகாரம் காத்திருக்காது, அது நம் ஊர் நேரத்திலேயே ஓடுகிறது. கடை காலை 8 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. என்னைப் போன்றவர்கள் விளையாட உட்காரும் வேளையில் தீவே உறங்கிக் கிடக்கும். கடை வாசலில் இருக்கும் பெட்டியில் விற்க வேண்டிய பொருளைப் போட்டுவிட்டு வரலாம் என்றாலும் விலையில் 80 விழுக்காடுதான் கிடைக்கும். சில வாரம் போகாமல் இருந்தால் களை மண்டிக்கிடக்கும், வீட்டுக்குள் கரப்பான்பூச்சி ஓடும், பக்கத்து வீட்டுக்காரர் எங்கே போயிருந்தாய் என்று கேட்பார்.

ஆனாலும் அந்தத் தீவில் டாம் நூக் என்ற வணிகர் கொடுக்கும் வீட்டுக் கடனுக்கு வட்டி கிடையாது, தவணை கிடையாது, எப்போது முடியுமோ அப்போது கட்டலாம். வீட்டுக் கடன் வைத்திருக்கும் எவருக்கும் அது எத்தகைய ஆறுதல் என்று விளக்க வேண்டியதில்லை.

செழியன்:

இங்கே பேசப்படும் இரண்டுமே விலை கொடுத்து ஒரு முறை வாங்கும் விளையாட்டுகள். ஓய்வுக்காக என்று நம் வீடுகளில் பெரும்பாலோர் விளையாடுவது கைப்பேசியில் இலவசமாகக் கிடைப்பவற்றைத்தான். கேண்டி கிரஷ் சாகா 2012இல் வந்தது. ஐந்து உயிர், போன உயிர் ஒன்று திரும்பி வர அரை மணி நேரம், பொறுமை இல்லையென்றால் பணம். அங்கே காத்திருப்பே விற்பனைச் சரக்கு. அதனோடு ஒப்பிட்டால் பியேர் கடையின் 5 மணிக் கெடு ஒரு பொருட்டே அன்று. எனவே நான் மருதன் பக்கம்.

ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றும் இதற்குத் துணை நிற்கிறது. ஆட்கள் தாங்களே சொல்லும் நேரத்தை நம்பாமல், நிறுவனங்களிடமிருந்து உண்மையான விளையாட்டு நேரத்தைப் பெற்று அனிமல் கிராசிங் விளையாடுவோரை ஆராய்ந்தார்கள். அதிக நேரம் விளையாடியவர்களின் மனநலம் சற்றுக் கூடுதலாக இருந்தது.

கயல்:

செழியன் அவர்களே, அந்த ஆய்வு காட்டியது சிறிய தொடர்பை மட்டுமே. விளையாடியதால் மனம் நலமானதா, மனம் நலமாக இருந்தவர்கள் அதிகம் விளையாடினார்களா என்று அது தீர்மானிக்கவில்லை. அதே குழுவினர் 2022இல் ஏழு விளையாட்டுகளை எடுத்துக்கொண்டு, ஏறக்குறைய 39,000 பேரை ஆறு வார காலம் தொடர்ந்து பார்த்தபோது, விளையாடும் நேரத்தால் மனநலத்தில் விளைவு உண்டு என்பதற்கு ஏறத்தாழ எந்தச் சான்றும் கிடைக்கவில்லை. ஆகவே ஆய்வைக் காட்டி இந்த வழக்கை முடிக்க இயலாது. விளையாட்டு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மருதன் அவர்கள் நாள் முடியும் நிம்மதியைப் பற்றி அழகாக எழுதியிருக்கிறார். ஆனால் கணினியிலும் கன்சோலிலும் அந்த விளையாட்டு சேமிக்கப்படுவது நாள் முடியும்போது மட்டுமே. நடுவில் குழந்தை அழுதால், அழைப்பு வந்தால், அன்றைய உழைப்பை விட்டுவிட வேண்டும், அல்லது முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்ல வேண்டும். நாள் முடிந்ததும் அடுத்த விடியல் கண்முன்னே வந்து நிற்கிறது, நாளைக்கு அறுவடை என்ற நினைப்போடு. நள்ளிரவு தாண்டியும் இன்னும் ஒரே ஒரு நாள் என்று உட்கார்ந்திருப்பவர்களை நாம் அனைவரும் அறிவோம்.

எனக்கு ஓய்வு என்றால் அன்பேக்கிங்தான். ஆஸ்திரேலியாவின் விட்ச் பீம் குழு 2021இல் வெளியிட்டது. ஒரு பெண் 1997இலிருந்து 2018 வரை வீடு மாறும் ஒவ்வொரு முறையும் அவளுடைய பெட்டிகளைப் பிரித்துப் பொருள்களை அடுக்கிவைக்க வேண்டும், அவ்வளவுதான். கடிகாரம் இல்லை, மதிப்பெண் இல்லை. கோப்பையை மரத்தின் மேல் வைத்தால் ஓர் ஓசை, ஓட்டின் மேல் வைத்தால் வேறோர் ஓசை. பொருள் தவறான இடத்தில் இருந்தால் எல்லாம் அடுக்கி முடித்த பிறகே சிவப்புக் கோடு காட்டும். அதையும் வேண்டாம் என்று அமைப்பில் அணைத்துவிடலாம். மருதன் சொல்லும் விளையாட்டில் தவறினால் இழப்பு சிறிது. இதில் இழப்பதற்கே ஒன்றும் இல்லை.

தேன்மொழி:

கயல், அந்த விளையாட்டில் 2010ஆம் ஆண்டு வீடு நினைவிருக்கிறதா? காதலனின் வீட்டில் அவளுடைய பட்டச் சான்றிதழை மாட்டச் சுவரில் இடமே இருக்காது. கடைசியில் கட்டிலுக்கு அடியில் தள்ள வேண்டியிருக்கும். கடிகாரம் இல்லாமலேயே என் நெஞ்சை அப்படி அழுத்திய காட்சி வேறில்லை. வெண்பா என்ற விளையாட்டும் அப்படித்தான். டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டு, மறுஆண்டு அறிமுக விளையாட்டுக்கான பிரிட்டனின் பாஃப்டா விருது பெற்றது. தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த குடும்பத்தின் கதை. சமையல் குறிப்பேட்டில் எழுத்து அழிந்துபோன இடங்களை ஊகித்து இட்லியும் புட்டும் செய்ய வேண்டும். தவறிவிட்டால் மறுபடியும் செய்யலாம், தண்டனை ஏதும் இல்லை. ஆனால் மகன் கவின் வளர வளரத் தாயின் மொழியை விட்டு விலகுவதைப் பார்த்துவிட்டு யாரும் மனம் லேசாகி எழுந்திருக்க மாட்டார்கள். கைக்கு எளிதாக இருப்பதையும் மனத்துக்கு எளிதாக இருப்பதையும் பிரித்துப் பார்த்துத்தான் பரிந்துரைக்க வேண்டும். களைத்திருக்கும் பெண்ணுக்கு வெண்பாவை முதல் நாளே கொடுக்க நான் துணிய மாட்டேன்.

கயல்:

அந்தச் சான்றிதழ் காட்சியைப் பற்றி நீங்கள் சொல்வது உண்மை. இருந்தாலும் அங்கே அழுவதற்கு நேரம் கொடுக்கிறார்கள். மருதன் அவர்களுக்கு ஒரு கேள்வி: கணினியில் ஸ்டார்டியூ வேலி விளையாடுபவர்கள் டைம்ஸ்பீட் என்ற மோடை (விளையாட்டை மாற்றியமைக்க ரசிகர்கள் எழுதும் கூடுதல் நிரலை) நிறுவி நேரத்தை மெதுவாக்கவும் நிறுத்தவும் செய்கிறார்கள். கடிகாரம் நிம்மதி தருகிறது என்றால் அந்த மோட் ஏன் தேவைப்பட்டது? நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோலில் விளையாடுபவருக்கு அந்த வழியும் இல்லை. அந்த வசதியை விளையாட்டின் அமைப்பிலேயே சேர்த்துவிட்டால், நானே அதை முதல் ஆளாகப் பரிந்துரைப்பேன்.

மருதன்:

அமைப்பில் சேர்க்கட்டும், அதை எதிர்க்க எனக்குக் காரணம் இல்லை. நேரத்தை நிறுத்திவைத்து விளையாடியபோது எனக்கு நேர்ந்ததை மட்டும் பதிவு செய்கிறேன். எல்லா வேலையையும் ஒரே பகலில் முடித்துவிட முடிந்ததால், எதை விடுவது என்று தெரிவு செய்யும் இன்பம் போய்விட்டது. மழை பெய்யும் நாளில், இன்று தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஆற்றங்கரையில் உட்கார்ந்து மீன் பிடிக்கலாம் என்று தோன்றுமே, அந்த விடுமுறை உணர்வு மற்ற நாள்களில் நேரம் குறைவாக இருப்பதால்தான் கிடைக்கிறது. ஆகவே அந்தப் பெண் முதல் பருவத்தைக் கடிகாரத்தோடு விளையாடிப் பார்க்கட்டும், பிடிக்கவில்லை என்றால் நிறுத்தட்டும் என்பதே என் பரிந்துரை.