அரைப்புள்ளிக்கு ஒரு புள்ளி வெட்டலாமா?

மஸ்கெலியா கணக்கு வாத்தியார் (இரவு 7.52)

நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. "தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் கணக்கு வாத்தியார்களிடம் ஐசிடி (கம்ப்யூட்டர்) பாடத்தைக் கொடுத்ததால்தான் பிள்ளைகள் நாசமாய்ப் போகிறார்கள். என் அக்கா மகள் 11ஆம் தரத் தவணைப் பரீட்சையில் பாஸ்கல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் நிரல் (புரோகிராம்) எழுதும்போது, எல்ஸ் ('இல்லாவிட்டால்') என்ற சொல்லுக்கு முன்னால் ஓர் அரைப்புள்ளி (;) போட்டுவிட்டாளாம். அதற்கு ஒரு புள்ளி வெட்டியிருக்கிறார் கணக்கு சேர். கம்ப்யூட்டரில் போட்டிருந்தால் ஒரு செக்கனில் அவளே திருத்தியிருப்பாள்" என்று எழுதியிருக்கிறார்.

அந்தப் பேப்பரைத் திருத்தியது நான் இல்லை. ஆனால் நானும் வெட்டியிருப்பேன். 22 வருடமாகக் கணிதமும் 9 வருடமாக ஐசிடியும் படிப்பிக்கிறேன். பாஸ்கலில் அரைப்புள்ளி முற்றுப்புள்ளி மாதிரி இல்லை. ஒரு கூற்றையும் (கட்டளையையும்) அடுத்த கூற்றையும் பிரிக்கத்தான் அது. இஃப், தென், எல்ஸ் மூன்றும் சேர்ந்து ஒரே கூற்று. நடுவில் அரைப்புள்ளி போட்டால் கூற்று அங்கேயே அறுந்துவிடும், எல்ஸ் அநாதையாக நிற்கும். நிரல் ஓடவே ஓடாது. ஓடாத நிரலுக்கு எப்படி முழுப் புள்ளி கொடுப்பது?

பண்டாரவளைப் பையன் (இரவு 8.10)

சேர், எழுதியது நான்தான். ஒளிந்துகொள்ளவில்லை. 11 வருடமாகக் கொழும்பில் மென்பொருள் வேலை செய்கிறேன். ஜாவாவில் எல்ஸுக்கு முன்னால் அரைப்புள்ளி போடாவிட்டால்தான் பிழை. ஒரு மொழியில் சரி, இன்னொரு மொழியில் பிழை. இப்படி ஒரு விஷயத்துக்காகப் பிள்ளையின் புள்ளியைப் பிடுங்குவது என்ன நியாயம்? 35 புள்ளி எடுத்தால் சித்தி, இல்லாவிட்டால் சித்தியில்லை என்று அச்சிடும் நிரல்தான் கேள்வி. அவள் யோசித்தது முழுவதும் சரி. நீங்கள் பார்ப்பது யோசனையை இல்லை, தூசியை.

மஸ்கெலியா கணக்கு வாத்தியார் (இரவு 8.24)

தம்பி, பிள்ளை எழுதியது பாஸ்கல். ஜாவா இல்லை. சிங்களப் பாடப் பரீட்சையில் தமிழ் இலக்கணப்படி எழுதிவிட்டு, "தமிழில் இது சரிதானே" என்று வாதாட முடியுமா?

இன்னொன்று. கணக்கு வாத்தியார் ஐசிடி படிப்பிக்கக் கூடாது என்கிறீர்கள். போன வருடம் வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து கேட்டாள். அம்மா கொழுந்து எடுப்பவர். "சேர், எக்ஸ் சமன் எக்ஸ் கூட்டல் 1 என்றால், இரண்டு பக்கமும் எக்ஸைக் கழித்ததும் 0 சமன் 1 என்று வருகிறதே?" என்றாள். எவ்வளவு அருமையான கேள்வி! கரும்பலகையில் ஒரு பெட்டி வரைந்து எக்ஸ் என்று பெயர் வைத்தேன். உள்ளே 4 எழுதினேன். அதை அழித்துவிட்டு 5 எழுதினேன். "இது சமன்பாடு இல்லை, பெட்டியில் இருப்பதை மாற்றுகிறோம். அதனால்தான் பாஸ்கலில் சமனுக்கு முன்னால் ஒரு முக்காற்புள்ளியும் போடுகிறோம்" என்று சொன்னேன். அன்றிலிருந்து அந்த வகுப்பில் ஒரு பிள்ளைகூட அதைப் பிழையாக எழுதியதில்லை. அந்தக் கேள்வியின் அருமை கணக்கு தெரிந்தவனுக்குத்தான் விளங்கும்.

முக்காற்புள்ளிக்கு ஒரு காரணம் இருந்தால் அரைப்புள்ளிக்கும் ஒரு காரணம் இருக்கிறது. நிக்லாஸ் விர்த் 1970இல் பாஸ்கலை வெளியிட்டதே மாணவர்கள் ஒழுங்காக நிரல் எழுதிப் பழகத்தான்.

பசறை டீச்சர் (இரவு 8.41)

இரண்டு பேரும் ஒரு விஷயத்தை மறந்துவிட்டீர்கள். ஃப்ரீ பாஸ்கல் மென்பொருளில், பல தெரிவுகளில் ஒன்றை எடுக்கும் கேஸ் கூற்றில் எல்ஸுக்கு முன்னால் அரைப்புள்ளி போடலாம். ஓடும். நானே ஓட்டிப் பார்த்தேன். ஆகவே "பாஸ்கலில் எல்ஸுக்கு முன்னால் அரைப்புள்ளி வரவே கூடாது" என்று சேர் படிப்பிப்பதும் பிழை. தம்பிக்கும் ஒன்று சொல்கிறேன். ஜாவாவில் நெளிவு அடைப்புக்குறியை மூடிவிட்டு, அதன் பிறகு அரைப்புள்ளி போட்டு எல்ஸ் எழுதிப் பாருங்கள். அங்கேயும் பிழைதான் வரும்.

பண்டாரவளைப் பையன் (இரவு 8.47)

டீச்சர், நான் அடைப்புக்குறி இல்லாமல் எழுதுவதைப் பற்றிச் சொன்னேன்.

மஸ்கெலியா கணக்கு வாத்தியார் (இரவு 8.49)

டீச்சர், நான் இஃப் பற்றிச் சொன்னேன். கேஸ் பற்றி யாரும் கேட்கவில்லை. கேள்வியில் கேஸ் இல்லை. "வரவே கூடாது" என்று நான் எங்கேயும் எழுதவில்லை. மேலே போய்ப் பாருங்கள்.

லிந்துலை அப்பா (இரவு 9.03)

எனக்கு அரைப்புள்ளியும் தெரியாது, முக்காற்புள்ளியும் தெரியாது. என் மகள் ஐசிடி எடுக்க ஆசைப்பட்டாள். அவள் 10ஆம் தரத்துக்கு வந்தபோது அந்தப் பாடத்துக்கு ஆளே இல்லை. "வேறு பாடம் எடு" என்று சொல்லிவிட்டார்கள். கணிதம் கட்டாயப் பாடம் என்பதால் அதற்கு எப்படியோ ஒருவரைப் போட்டார்கள். ஐசிடி தெரிவுப் பாடம்தானே, கேட்க நாதியில்லை. புள்ளி வெட்டவாவது ஒரு வாத்தியார் இருந்தால் போதும் என்று இருந்தது எங்களுக்கு. இதைப் பற்றியும் யாராவது பேசுங்கள்.

பண்டாரவளைப் பையன் (இரவு 9.11)

அண்ணே, நான் சொல்வதும் அதுதான். ஆள் இல்லை என்றதும் கையில் கிடைத்த கணக்கு வாத்தியாரைப் பிடித்துப் போடுகிறார்கள். அவருக்கு கம்ப்யூட்டரைப் போட்டுக் காட்டத் தெரியாது, அதனால் எல்லாவற்றையும் கொப்பியில் எழுத வைக்கிறார். கையில் போன் வைத்துக்கொண்டு மடக்கை (லொக்) அட்டவணையைப் புரட்டச் சொல்லும் ஆட்களிடம் வேறு எதை எதிர்பார்ப்பது?

மஸ்கெலியா கணக்கு வாத்தியார் (இரவு 9.30)

மடக்கை அட்டவணையைத் தொட்டுவிட்டீர்கள். சரி, பேசுவோம்.

சாதாரண தரக் கணிதப் பரீட்சைக்குக் கணிகருவி கொண்டுபோக முடியாது. போன் வைத்திருப்பவன் மண்டபத்துக்குள்ளேயே போக முடியாது. 5.432இன் மடக்கை வேண்டும் என்றால் பிள்ளை 54 என்ற வரிசைக்குப் போக வேண்டும், 3 என்ற நெடுவரிசைக்குப் போக வேண்டும். அங்கே 0.7348. பிறகு வலது ஓரத்தில் 2க்குக் கீழே உள்ள வித்தியாசத்தைக் கூட்டி 0.7350 எடுக்க வேண்டும். அடிமட்டத்தை வரிசைக்குக் கீழே வைத்து, விரலால் தடவித் தடவிப் பார்க்கும் பிள்ளைகளை நான் தினமும் பார்க்கிறேன். ஒரு வரிசை தவறினால் கணக்கு முழுவதும் தவறும். அந்தக் கவனம்தான் அரைப்புள்ளியிலும் வேண்டும்.

கொப்பியில் எழுத வைக்கிறேன் என்று குறை சொல்கிறீர்கள். சாதாரண தரத்தில் ஐசிடி முழுக்க முழுக்க எழுத்துப் பரீட்சை என்பது உங்களுக்குத் தெரியுமா? விசைப்பலகை முன்னால் உட்கார வைத்து யாரும் சோதிப்பதில்லை. அங்கே சிவப்புக் கோடு போட்டுப் பிழை காட்ட கம்ப்யூட்டர் வராது. பிள்ளையின் கண்தான் கம்ப்யூட்டர். தவணைப் பரீட்சையில் நான் விட்டுக்கொடுத்தால் சாதாரண தரப் பரீட்சையில் முகம் தெரியாத ஒருவர் வெட்டுவார். அப்போது உங்கள் அக்கா மகள் யாரிடம் போய் அழுவாள்?

பசறை டீச்சர் (இரவு 9.44)

பரீட்சை எழுத்துப் பரீட்சை என்பதால் படிப்பிப்பதும் எழுத்தில்தான் என்றால் அது என்ன பாடம் சேர்? என் பாடசாலையில் 10 இயந்திரம், ஓடுவது 4. வகுப்பில் 37 பிள்ளைகள். மழைக்காலத்தில் பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து விசைப்பலகை எல்லாம் பிசுபிசுத்துப் போகும். இரவு முழுவதும் ஒரு பல்பை எரியவிட்டு மூடி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். ஆனாலும் ஒரு பிள்ளைக்கு வாரத்தில் 10 நிமிடமாவது கிடைக்கும்படி பெயர்ப் பட்டியல் போட்டு உட்கார வைக்கிறேன். காத்திருக்கும் பிள்ளைகள் அட்டையில் வரைந்த விசைப்பலகையில் விரல் பழகுவார்கள். தான் எழுதிய நிரல் ஓடுவதைப் பார்க்கும்போது அந்தப் பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். அதைப் பார்த்த பிறகு கொப்பி போதும் என்று சொல்ல மாட்டீர்கள்.

மஸ்கெலியா கணக்கு வாத்தியார் (இரவு 9.52)

கொப்பி போதும் என்று நான் சொல்லவில்லை. அரைப்புள்ளி பிழை என்று சொன்னேன். உங்கள் 4 இயந்திரத்தில் போட்டாலும் அது பிழைதான் காட்டும். நான் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் முறையாகக் கணிதப் பயிற்சி பெற்றவன். திருத்துவது எப்படி என்று அங்கே படித்துவிட்டுத்தான் வந்தேன்.

பசறை டீச்சர் (இரவு 9.58)

முறையாக என்றால்? நான் ஆசிரியர் உதவியாளராக மாதம் 6000 ரூபாய் கொடுப்பனவில் வந்தவள். பஸ் காசுக்கே பாதி போய்விடும். அப்படி வந்த நாங்கள்தான் கல்லூரிக்காரர்கள் வர விரும்பாத தோட்டங்களுக்குப் போய் நின்றோம். பயிற்சியை வேலை செய்துகொண்டே முடித்தோம். அந்த வார்த்தையைத் திரும்ப எடுங்கள் சேர்.

மஸ்கெலியா கணக்கு வாத்தியார் (இரவு 10.05)

உங்களைக் குறித்துச் சொல்லவில்லை. கணக்கு வாத்தியாருக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்ன தம்பிக்குச் சொன்னேன். நானும் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவன்தான். மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவன்.

லிந்துலை அப்பா (இரவு 10.08)

ஆள் இல்லாத பாடசாலைகளைப் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை.

பண்டாரவளைப் பையன் (இரவு 10.14)

சேர், ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். கணிதம் முதலாம் வினாத்தாளில் முதல் 25 கேள்விக்கும் தலா 2 புள்ளி. விடை பிழைத்தாலும் படிமுறை சரியாக இருந்தால் ஒரு புள்ளி கொடுக்கிறீர்களா இல்லையா? கணிதத்தில் படிமுறைக்குப் புள்ளி, ஐசிடியில் அரைப்புள்ளிக்கு வெட்டு. ஒரே ஆள் இரண்டு தராசு வைத்திருக்கலாமா? எனக்கும் எட்டாம் தரத்தில் ஒரு கணக்கு சேர் இருந்தார். அலகு எழுத மறந்ததற்கு வகுப்புக்கு வெளியே நிறுத்தினார். அன்றைக்குக் கொட்டிய மழை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மஸ்கெலியா கணக்கு வாத்தியார் (இரவு 10.27)

நல்லது, இப்போது வழிக்கு வந்தீர்கள். அந்தக் கேள்விக்கு மொத்தம் எத்தனை புள்ளி? நீங்கள் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். இந்த மாதிரிக் கேள்விக்கு நான் 5 போடுவேன். மாறியை (நான் சொன்ன அந்தப் பெட்டியை) அறிவித்தால் 1, உள்ளீடு எடுத்தால் 1, நிபந்தனை சரியென்றால் 1, இரண்டு வெளியீட்டுக்கும் 1, தொடரியலுக்கு (மொழியின் இலக்கணத்துக்கு) 1. அரைப்புள்ளிக்குப் போவது அந்தக் கடைசி 1 மட்டும். மற்ற 4ஐயும் பிள்ளை வாங்கிவிட்டாள். அதுதான் ஐசிடியில் படிமுறைப் புள்ளி. ஒரே தராசுதான். 4 கொடுத்ததை மறைத்து, 1 வெட்டியதை மட்டும் ஊருக்குச் சொன்னது நீங்கள்.

உங்களை மழையில் நிறுத்திய வாத்தியார் செய்தது அநியாயம். அந்தக் கோபத்தை 22 வருடம் வேலை செய்தவன் தலையில் இறக்காதீர்கள்.

பண்டாரவளைப் பையன் (இரவு 10.33)

4 கொடுத்தார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் திருத்தவில்லை என்று முதலிலேயே சொன்னீர்களே. நாளைக்கு அக்காவிடம் பேப்பரை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன். உயர்தர ஐசிடியில் பைதான் வந்துவிட்டது, அங்கே அரைப்புள்ளியே தேவையில்லை. இன்னும் இரண்டு வருடத்தில் தூக்கிப் போடப்போகும் ஒன்றுக்காக இவ்வளவு பேச்சு.

மஸ்கெலியா கணக்கு வாத்தியார் (இரவு 10.41)

பைதானில் அரைப்புள்ளி தேவையில்லை, சரி. ஆனால் வரித் தொடக்கத்தில் விடும் உள்தள்ளலில் ஒரு இடைவெளி பிசகினாலும் நிரல் ஓடாது. அரைப்புள்ளியில் கவனமில்லாத பிள்ளை இடைவெளியிலும் அப்படித்தான் இருப்பாள். எந்த மொழிக்கு ஓடினாலும் அந்தக் கவனத்திலிருந்து தப்ப முடியாது தம்பி. போட்டோவைப் போடுங்கள், பார்ப்போம்.

பசறை டீச்சர் (இரவு 10.46)

இன்னும் வார்த்தையைத் திரும்ப எடுக்கவில்லை. கேஸ் கூற்றுக்கும் பதில் வரவில்லை. நாளைக் காலை முதல் பாடவேளை எனக்கு லேப். 4 இயந்திரத்திலும் போட்டுக் காட்டி, திரையை போட்டோ எடுத்து இங்கேயே போடுகிறேன்.

மஸ்கெலியா கணக்கு வாத்தியார் (இரவு 10.49)

போடுங்கள் டீச்சர். இஃப் போட்டு எடுங்கள். கேஸ் இல்லை, இஃப்.